பல்லிடுக்கில் சிக்கிய சுருட்டைக்கொட்டி

கிழக்கு ராஜ வீதியில் ஒரு பாத்திரக் கடையின் நிழலில் நின்றபடி வேகவைத்த கிழங்கு தின்றுகொண்டிருந்தேன். சித்திரை வெயில். கல்லூரி விட்டு நடந்து வந்த பசி. ஒவ்வொரு கிழங்கும் ஒரு நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். தோலை நகத்தால் கிள்ளினால் சட்டை கழற்றுவதுபோல் கழன்று வந்தது. உள்ளே வெள்ளையாக, மாவாக, கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சேற்று வாசனை.

விற்றவள் என் வயதுக்காரி. இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். மூங்கில் கூடையை முன்னால் வைத்துக் குந்தியிருந்தாள். நான் தின்னும் வேகத்தைப் பார்த்து, கேட்காமலேயே இலையில் இன்னும் இரண்டு வைத்தாள்.

ஏழாவதோ எட்டாவதோ தின்னும்போது பல்லிடுக்கில் ஏதோ மாட்டியது. நாக்கால் தள்ளினேன், வரவில்லை. தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு விரலால் இழுத்தேன். ஒரு இலைத் துணுக்கு. வெந்து கறுத்திருந்தது. ஆனால் அதன் ஓரம் மட்டும் புதுப் புடவையின் கொசுவம்போல மடிந்து மடிந்து, நெளிந்து நெளிந்து இருந்தது.

இரண்டு வருடங்களாக ஏரி ஏரியாக நான் தேடிக்கொண்டிருந்த செடி அது. எங்கள் பக்கத்தில் எங்கேயாவது அது மிச்சமிருந்தால், அதில் எட்டை நான் அப்போதுதான் தின்று முடித்திருந்தேன்.

"இது என்ன கிழங்கும்மா?" என்று கேட்டேன்.

"சுருட்டைக்கொட்டி. ஏன், நல்லா இல்லியா?"

"நல்லா இருக்குது," என்றேன். அது உண்மைதான்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் கல்லூரி விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதியதைப் படித்த ஒரு வாசகி, 'நீங்கள் சாப்பிட்டதில் மறக்க முடியாதது எது?' என்று கேட்டிருந்தார். பாயசம், பிரியாணி என்று ஏதாவது எதிர்பார்த்திருப்பார். பதில் இதுதான் அம்மணி. மன்னிக்கவும்.

தகரப் பெட்டியும் நானும்

அப்போது நான் காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர். பக்கத்து அறையில் ஒருவர் தவளை அறுக்கக் கற்றுக்கொடுத்தார். நான் செம்பருத்தி அறுக்கக் கற்றுக்கொடுத்தேன். அதோடு சென்னையில் ஒரு பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்குத் தபாலிலேயே பதிவு செய்திருந்தேன். எங்கள் பக்கத்து ஏரிகளில் என்னென்ன நீர்ச்செடிகள் இருக்கின்றன, எவை அழிந்துகொண்டிருக்கின்றன, அவற்றை மறுபடி எப்படிக் குடியேற்றுவது என்பது விஷயம்.

பேராசிரியர் தபால் அட்டைக்கு மேல் எழுதமாட்டார். அதிலும் மூன்று வரிதான். முதல் வரியில் என் பெயர், இரண்டாவதில் என் குறை, மூன்றாவதில் அவர் கையெழுத்து. ஒரே ஒரு முறை அட்டையின் ஓரங்களில்கூட எழுதி நிரப்பியிருந்தார். அது இந்தச் செடியைப் பற்றி. பல வருடங்களுக்கு முன் யாரோ காஞ்சிபுரம் பக்கம் எடுத்து உலர்த்திய மாதிரி ஒன்று சென்னையில் இருக்கிறது. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் கண்ணில் பட்டதாகத் தகவல் இல்லை. சாதாரணக் கொட்டியின் இலை தண்ணீர்மேல் மிதக்கும்; இதன் இலை முழுக்க நீருக்குள்ளேயே இருக்கும், ஓரம் சுருண்டிருக்கும்; பூத்தண்டு மட்டும் வெளியே தலைநீட்டும். தேடவும்.

தேடினேன். எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். தெரு முழுக்கத் தறிச் சத்தம். என் அண்ணன் ஏகாம்பரம் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து என்று ஒவ்வொரு நாளும் ஒரு நிறத்தில் கையோடு சாப்பிட உட்காருவார். வீட்டில் எல்லாரும் பட்டில் கைவைத்தார்கள், நான் பாசியில் கைவைத்தேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அண்ணி, "எங்க நாத்தனாரு பாசி படிச்சிருக்குது," என்று பெருமையாகச் சொன்னாள். காபி குடித்துவிட்டுப் போனவர்கள் கடிதம் போடவில்லை.

ஆராய்ச்சிக்கு என்னிடம் இருந்த ஒரே கருவி ஒரு பச்சைத் தகரப் பெட்டி. தோளில் மாட்டிக்கொள்ள வார் வைத்தது. பறித்த செடி வாடாமலிருக்க உள்ளே ஈரத்துணி போட்டிருப்பேன். அந்தப் பெட்டியால் நான் பட்ட பாட்டைச் சொல்ல ஒரு வாரம் போதாது.

குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் மும்முரமாக நடந்த காலம் அது. கிராமத்துக்குள் டவுனிலிருந்து ஒரு பெண், தோளில் பெட்டியோடு வந்தால் அவள் யார் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. முதலில் ஆண்கள் காணாமல் போவார்கள். ஒரு ஊரில் நுங்கு வெட்ட மரமேறியவர் நான் போகும்வரை இறங்கவே இல்லை. "எனக்கு ஒரே புள்ளதாமா," என்று மேலிருந்தபடியே சொன்னார். நான் கீழிருந்து, "ஏரிக்கு வழி கேக்கத்தான் வந்தேன்," என்றேன். "எல்லாரும் அப்டித்தாமா ஆரம்பிக்கிறாங்க," என்றார்.

தாமலுக்கு ஒரு ஞாயிறு, தென்னேரிக்கு ஒரு ஞாயிறு

கிழங்கு விற்றவளின் பெயர் கன்னியம்மா. மறுநாளும் போனேன். எங்கே கிடைக்கிறது என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு?"

"பாக்கணும்."

"பாத்து?"

"படிக்கணும்."

"திங்கிற பொருள இன்னாமா படிக்கிறது?"

இதற்கு என் பேராசிரியரே பதில் வைத்திருப்பாரா என்பது சந்தேகம். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தாமல் ஏரில," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பேருந்து பிடித்துத் தாமல் போனேன். ஊரை விடப் பெரிய ஏரி. நீர் வற்றி ஓரமெல்லாம் வெடித்திருந்தது. கரையோடு காலையில் நடக்க ஆரம்பித்து மதியம் சாய்ந்த பிறகு முடித்தேன். சாதாரணக் கொட்டி கிடைத்தது, கோரை கிடைத்தது, மூக்கில் தோல் உரிந்தது.

"தாமலா சொன்னேன்?" என்றாள் கன்னியம்மா. "தென்னேரிமா."

அடுத்த ஞாயிறு தென்னேரி. அங்கே ஏரி இன்னும் பெரிது. தண்ணீரும் இன்னும் மிச்சமிருந்தது. அதனால் இரண்டு அட்டைகள் என் காலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஊர்வரை வந்தன. ஆம்பல் அழகாகப் பூத்திருந்தது. சுருட்டை இலை ஒன்றுகூட இல்லை.

மூன்றாவது வாரம் நான் வாய் திறக்கும் முன்பே அவள் சிரித்துவிட்டாள். "இந்த வாரம் எங்க போவணும்னு கேக்க வந்தியா டீச்சர்மா?"

கோபப்பட்டுப் பார்த்தேன், முடியவில்லை. அவள் சிரிப்பு அப்படி. கூடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கல்லூரி மாணவிகள் இரண்டு பேர் கடந்துபோனவர்கள் வணக்கம் சொல்வதா வேண்டாமா என்று குழம்பினார்கள்.

"இடத்த நான் உனக்குச் சொன்னா நாளைக்கி நாலு பேரு கூடையோட வந்து நிப்பான். அப்பறம் நான் இன்னா விப்பேன், மண்ணா?" என்றாள், சிரிப்பை நிறுத்திவிட்டு. "என் ஊட்டுக்காரரு கல்லு ஒடைக்கப் போனாரு, ஒடம்பு சரியில்லாம படுத்துக்கினு இருக்காரு. கோடையில இந்தக் கெழங்குதான் எங்க சோறு."

அதற்குப் பிறகு நான் இடத்தைப் பற்றிக் கேட்கவில்லை. வாரம் ஒருமுறை போய்க் கிழங்கு மட்டும் வாங்குவேன். தின்னாமல் பொட்டலம் கட்டி எடுத்துப்போவதைப் பார்த்து ஒரு நாள் கேட்டாள். அரைவேக்காட்டில் ஒன்றாவது தப்பியிருக்காதா என்ற நப்பாசையில், நட்டுப் பார்க்கப்போகிறேன் என்றேன். வெந்த கிழங்கை நடப்போகிற பெண்ணிடம் இதற்கு மேல் எச்சரிக்கையாக இருக்க வேண்டியதில்லை என்று அப்போதுதான் முடிவு செய்தாளாம். பிற்பாடு சொன்னாள்.

"நீ கவர்மெண்டுதான?"

வைகாசியில் ஒரு காலை, அண்ணன் சாயத் தொட்டியில் நூலை முக்கிக்கொண்டிருந்தபோது, கன்னியம்மா எங்கள் வாசலில் வந்து நின்றாள். கூடை இல்லை. பிள்ளையார்பாளையத்தில் பாசி படித்த பெண் என்றால் வீடு கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை.

"டீச்சர்மா, நீ கவர்மெண்டுதான?"

"இல்லையே."

"பொட்டி வெச்சிருக்கிறியே."

"அது என் பொட்டி."

அவள் முகம் விழுந்துவிட்டது. வாசற்படியில் உட்கார்ந்தாள். அண்ணி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்துவிட்டு, தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஏனாத்தூரு தாண்டி ஒரு தாங்கல் இருக்குது. அங்கதான். இன்னிக்கி தூர் வார வந்து நிக்கிறாங்கோ. மண்ண வழிச்சி எடுத்தாங்கன்னா கெழங்கெல்லாம் கரைக்குப் பூடும். நீ ஒரு லெட்டர் குடுத்து நிறுத்துவியோன்னு வந்தேன்."

தாங்கல் என்பது எங்கள் பக்கத்தில் சின்ன ஏரிக்குச் சொல்கிற பெயர். ஏனாத்தூருக்கு எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம். இன்றைக்கு அங்கே கட்டடங்களும் மாணவர்களுமாக இருக்கிறது; அன்றைக்கு வயலும் வரப்பும்தான். மேற்கே தாமலுக்கும் கிழக்கே தென்னேரிக்கும் என்னை வெயிலில் அலையவிட்ட செடி, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. கோபம், சந்தோஷம், பயம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்ததில் எதுவும் சரியாக வரவில்லை. பெட்டியை மாட்டிக்கொண்டு, "வா," என்றேன்.

ஓவர்சீயர்

தாங்கலில் கணுக்கால் அளவு தண்ணீர் மேற்கு மூலையில் மட்டும் இருந்தது. அதற்குள்ளே, சேற்றோடு சேறாக, கரும்பச்சையில் சுருண்டு சுருண்டு கிடந்தது என் செடி. குனிந்து ஓர் இலையைத் தொட்டேன். பட்டுப்போலத்தான் இருந்தது, எங்கள் வீட்டில் வேறு உவமை கிடைக்காது.

கரையில் குடை பிடித்து நின்றிருந்த ஓவர்சீயரிடம் போனேன். வாய் நிறைய வெற்றிலை. நல்ல மனிதர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"செடி பேரு என்ன டீச்சர்?"

லத்தீன் பெயரைச் சொன்னேன். மெல்லுவதை நிறுத்தினார். "இத நான் மேல எழுதி, அவங்க அதப் படிச்சு, அர்த்தம் கேட்டு எனக்கு எழுதி... அதுக்குள்ள மழையே வந்துடும்மா."

பிறகு கையை நீட்டிக் காட்டினார். மண்வெட்டியும் கூடையுமாக ஐம்பது அறுபது பேர் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வருடமாக மழை சரியாக இல்லை. வறட்சி நிவாரண வேலை. "நிறுத்தலாம். நீங்களே போய் அவங்ககிட்ட சொல்லுங்க, ஒரு செடிக்காக வேலை நிக்குதுன்னு."

பார்த்தேன். பெண்கள் தலையில் சும்மாடு சுற்றித் தயாராக இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி கன்னியம்மாவின் அக்கா. கன்னியம்மாவும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏரி ஆழமாவணும்தான் டீச்சர்மா," என்றாள் மெதுவாக. "தண்ணி இல்லாம செத்துக்கினு இருக்கோம். தண்ணியும் வேணும், கெழங்கும் வேணும்."

இதைவிடத் தெளிவாக என் ஆய்வேட்டின் முன்னுரை எழுதப்படவில்லை. பிற்பாடு அந்த ஏடு முழுக்க நூற்றுப் பத்துப் பக்கத்தில் நான் சொன்னதும் இதைத்தான்.

ஓவர்சீயர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "கீழண்டை கரையிலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்றேன். மேற்கு மூலைக்கு வர்றதுக்கு சனிக்கிழமை ஆயிடும். அதுக்குள்ள உங்க செடிய நீங்க எடுத்துக்குங்க. என்னால ஆனது அவ்ளோதான்."

அன்று செவ்வாய். கல்லூரிக்கு வயிற்றுவலி என்று விடுப்புக் கடிதம் எழுதினேன். வயிற்றோடு சம்பந்தப்பட்ட விஷயம்தானே என்று மனசாட்சியைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

புதையல்

கன்னியம்மா கிழங்கு எடுப்பதைப் பார்க்க வேண்டும். குனியமாட்டாள். முதலில் பாதத்தால் சேற்றைத் துழாவுவாள். கட்டைவிரலில் கிழங்கு தட்டியதும் கூரான கம்பை ஒரு பக்கமாக இறக்கி நெம்புவாள். கொத்தாக வரும். பெரியதை மட்டும் கிள்ளிக்கொண்டு, குட்டிகளைத் தாயோடு சேர்த்துச் சேற்றில் போட்டுக் குதிகாலால் அழுத்திவிடுவாள். இத்தனை வருடங்களாக அப்படித்தான் செய்திருக்கிறாள். இந்தச் செடி எங்கள் பக்கத்தில் ஏன் இந்த ஒரு மூலையில் மட்டும் மிஞ்சியது என்ற கேள்விக்கு அவள் குதிகால்தான் பதில் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. இன்றும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

நான் கையைவிட்டுத் தோண்டினேன். அவள் பத்து எடுக்கும் நேரத்தில் நான் ஒன்று எடுத்தேன், அதையும் உடைத்தேன்.

"நீ எடுக்காத. பொட்டியத் தெறந்து மூடு, போதும்," என்றாள்.

ஆகவே இரண்டு நாள் நான் பெட்டியைத் திறந்து மூடினேன். ஒவ்வொரு கிழங்கையும் ஈரத்துணியில் சுற்றி, உள்ளே வைத்து, பூட்டினேன். மாலையில் சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன். தூரத்தில் மண் வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசிக்கவில்லை. எங்கள் ஊர் கோயில் ஊர். பூமிக்குள்ளிருந்து எப்போது வேண்டுமானாலும் எந்தச் சாமியும் வெளியே வரும்.

வெள்ளிக்கிழமை காலை நாங்கள் போனபோது மேற்கு மூலையில் முப்பது பேர் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பொற்காசு என்றார் ஒருவர். ஐம்பொன் சிலை என்றார் இன்னொருவர். சுருட்டை இலைகளெல்லாம் காலடியில் மிதிபட்டுக் கிடந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒண்ணும் இல்ல, வெறும் செடிங்க," என்று கத்தினேன். யாரும் நம்பவில்லை. ஒன்றும் இல்லாததை யார் பூட்டி எடுத்துப்போவார்கள்?

கன்னியம்மா ஒரு கிழங்கை எடுத்து உயர்த்திக் காட்டினாள். "இதாம்பா எடுத்தோம். திங்கிற கெழங்கு. நான் வேகவெச்சு விக்கிறனே, அது."

நம்பினார்கள். ஆனால் அது இன்னும் மோசமாகிவிட்டது. வறட்சிக் காலத்தில் தின்னக் கிழங்கு கிடைக்கிறது என்றால் யார் சும்மா நிற்பார்கள்? மடியிலும் துண்டிலும் பொறுக்க ஆரம்பித்தார்கள். குட்டி, தாய் என்று பார்க்காமல் கொத்துக் கொத்தாக.

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். பிறகு என் பெட்டியைப் பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் கவனித்தேன், தடுக்க நேரம் கிடைக்கவில்லை.

"எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க," என்றாள், யாரையும் அதட்டாமல், சாதாரணமாக. "இந்தம்மா யாருன்னு தெரியுமில்ல? குடும்பக் கட்டுப்பாடு டீச்சரு. இந்தக் கெழங்குலதான் மருந்து செய்றாங்களாம். ஊசி வேணாம், ஆஸ்பத்திரி வேணாம். தின்னா போதும்."

பிறகு ஒவ்வொரு துண்டாக அவிழ்ந்தது. ஆண்கள் கிழங்கைச் சூடுபட்டதுபோல் கீழே போட்டார்கள். புதிதாகக் கல்யாணமான ஒருவன் கையைச் சேற்றில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். எண்பது வயதிருக்கும் ஒரு பெரியவர் கூட, எதற்கு வம்பு என்று தன் பங்கை ஜாக்கிரதையாகத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்தார். அரை மணி நேரத்தில் மூலையில் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம்.

மிச்சமிருந்ததைப் பொறுக்கினோம். கன்னியம்மா சிரித்துக்கொண்டே பொறுக்கினாள். பாதியில் அவள் கை நின்றது.

"டீச்சர்மா, இனிமே என் கெழங்க எவன் வாங்குவான்?"

நான் அதை அதுவரை நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லை.

அவள் பயந்தது சரிதான். அந்தச் செய்தி எங்கள் சைக்கிளுக்கு முன்னால் ராஜ வீதிக்குப் போய்விட்டது. மறுநாள் கூடைக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. ஒரு பெண் மட்டும் வந்தாள், சண்டைக்கு. "நாலு வருசமா உன்கிட்ட வாங்கித் தின்னுக்கினு இருக்கிறேன். அஞ்சு புள்ள. எனக்கு ஏன் வேலை செய்யல?" என்று கேட்டாள். கன்னியம்மா அவளுக்கு என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த திங்களன்று தாங்கலில் மண் சுமக்கிறவர்களின் வரிசையில் அவள் நின்றாள், அக்காவுக்குப் பின்னால். தன் கிழங்கு இருந்த மூலையைத் தானே வழித்துச் சுமந்தாள். நான் கரையில் நின்று பார்த்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று கிட்டே போனேன். "தள்ளி நில்லுமா, மண்ணு விழும்," என்றாள்.

அண்ணனின் தொட்டி

கிழங்குகளுக்கு மழைவரை ஒரு வீடு வேண்டும். அண்ணனிடம் இரண்டு சிமெண்டுத் தொட்டிகள் இருந்தன, சாயம் போட்ட நூலை அலச. ஒன்றைக் கேட்டேன்.

"இருவது வருசமா பட்டு அலசுற தொட்டிமா. அதுல சேத்தப் போடச் சொல்றியா?"

"ஐப்பசி வரைக்கும்தாண்ணா."

அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். சம்மதம் என்றால் அவர் அப்படித்தான் போவார். நானும் அண்ணியும் தொட்டியைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவி, தாங்கல் சேற்றையே கொண்டுவந்து நிரப்பிக் கிழங்குகளைப் புதைத்தோம்.

ஆடியில் முளை விட்டது. பார்த்து நான் திகைத்துப்போனேன். தளிர்கள் இளஞ்சிவப்பாக இருந்தன. எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு வகை இல்லை. உட்கார்ந்து பேராசிரியருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். புதிய ரகம், செந்தளிர், அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்றுகூட ஆலோசனை கேட்டிருந்தேன். ஒரு பெயரை அடைப்புக்குறிக்குள் நானே போட்டிருந்தேன். அது யாருடைய பெயர் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அட்டை வந்தது. முதல் வரியில் என் பெயர். மூன்றாவதில் கையெழுத்து. நடுவில்: 'தொட்டியை மறுபடியும் கழுவவும்.'

அண்ணன் அதை வாங்கிப் படித்தார். தொட்டியை எட்டிப் பார்த்தார். "அரக்கு," என்றார், தொழில்காரர் தோரணையில். "நல்லா ஏறியிருக்குது. வெளுக்காது."

அழுகியது போக, சாயம் குடித்தது போக, பாதிக்கு மேல் தேறியது. ஐப்பசியில் மழை பெய்தது. இரண்டு வருடக் கடனையும் சேர்த்துப் பெய்தது. தாங்கல் நிரம்பியது. நானும் கன்னியம்மாவும் முழங்காலளவு தண்ணீரில் நின்று, ஆழமில்லாத ஓரமாகப் பார்த்துக் கிழங்குகளைக் காலாலேயே ஊன்றினோம். அவள் குதிகாலால் அழுத்தும் வித்தை அதற்குள் எனக்கும் வந்திருந்தது. ஓரளவு.

அந்த வருடம் ஒரு இலைகூட வரவில்லை. மார்கழியில் போனேன், மாசியில் போனேன். கலங்கலான தண்ணீர், அதில் என் முகம். முயற்சி தோற்றது என்று சென்னைக்கு எழுதினேன். அட்டையில் பதில் வந்தது: 'பொறுக்கவும்.'

கன்னியம்மாவுக்கு அந்தக் கோடையிலும் கிழங்கு இல்லை. செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனாள். வழியில் பார்த்தால் பேசுவாள், சிரிப்பாள். ஆனால் செடியைப் பற்றி மட்டும் பேசமாட்டாள். நானும் பேசவில்லை.

வந்துட்டாங்க

அடுத்த வருடம் கார்த்திகையில் ஒரு காலை, பால்காரர் எங்கள் வீட்டில் ஒரு செய்தி சொல்லிவிட்டுப் போனார். "ஏனாத்தூரு கன்னியம்மா சொல்லச் சொல்லிச்சி. எல்லாரும் வந்துட்டாங்களாம். டீச்சர உடனே வரச் சொல்லிச்சி."

யார் வந்தது, எத்தனை பேர் என்று அண்ணி அவர் பின்னால் ஓடிக் கேட்டாள். நெறைய பேராம் என்று பதில் வந்தது. அண்ணி இரண்டு படி அரிசி கூடுதலாக உலையில் போட்டாள். நான் பல்கூடத் துலக்காமல் சைக்கிளை எடுத்தேன்.

கன்னியம்மா தண்ணீரில் நின்று ஒரு எருமையை விரட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையால் தண்ணீரைக் காட்டினாள். தண்ணீர் தெளிந்திருந்தது. அடியில் பச்சை ரிப்பன்களாக, ஓரமெல்லாம் நெளிய நெளிய, அலை வந்தபோதெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து எழுந்தன. நான் எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன்.

"போன வருசம் ஏன் வரல?" என்று கேட்டேன்.

"பயந்துக்கினு இருந்திருக்கும்," என்றாள்.

நான் பெட்டியைத் திறந்தேன், மாதிரிக்கு ஒன்று எடுக்கலாம் என்று. அவள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெட்டியை மூடிவிட்டேன். சென்னைக்கு எழுதிய கடிதத்தில் செடி வந்துவிட்டது என்று மட்டும் எழுதினேன். மாதிரி இல்லாமல் எப்படி நம்புவது என்று அட்டை வந்தது. வந்து பாருங்கள், மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில் என்று பதில் எழுதினேன்.

வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். ரயிலிலிருந்து இறங்கியவர் நான் கற்பனை செய்திருந்ததில் பாதி உயரம்தான் இருந்தார். வழியெல்லாம் என் பேச்சுக்குத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தவர், தாங்கல் கரையில் செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடியாக வைத்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், நான் தடுப்பதற்குள் தண்ணீரில் இறங்கிவிட்டார். நாலடி நடந்திருப்பார்.

"சார், அங்க கால் வெக்காதீங்க," என்றாள் கரையில் நின்றிருந்த கன்னியம்மா.

இந்தியாவில் பாதித் தாவரவியல்காரர்கள் யாரைப் பார்த்தால் நடுங்குவார்களோ, அவர் தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றார். குனிந்து தன்னைச் சுற்றிப் பார்த்தார். முன்னால் சுருட்டை இலை. இடப்பக்கம் சுருட்டை இலை. பின்னால், அவர் வந்த வழியில், அவர் காலிலிருந்து நூலளவு தள்ளி இன்னொன்று, பூத்தண்டோடு.

"எங்கம்மா வைக்கட்டும்?" என்று கேட்டார். அவர் குரலை நான் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். அது மிகவும் சின்னக் குரல்.

கன்னியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு தாங்கல் முழுக்க ஒரு சுற்றுப் பார்த்தாள். அவசரமில்லாமல் பார்த்தாள்.

"அதான் சார் எனக்கும் தெரியல," என்றாள். "கொஞ்ச நேரம் அப்டியே நில்லுங்க."

அவர் நின்றார்.